அரை ரியாலில் வந்து இறங்கியவள்

2006ஆம் ஆண்டு மே மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மதியத் தொழுகை முடிந்து தோஹா தொழில்பேட்டையில் கடைகள் மறுபடி திறந்துகொண்டிருந்த நேரத்தில், உடையப்பனின் மனைவி நாகவள்ளி குவைத்திலிருந்து கடல்வழியாக வந்து ஓர் அரை ரியால் காசில் இறங்கினாள். அந்த வாரம் தக்காளி விலை ஏறியிருந்தது. தொழிலாளர் கேம்புக்குப் பின்னால் கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வழிந்ததால் தண்ணீர் லாரிகள் சுற்றிக்கொண்டு வந்தன. அவள் வந்த கப்பல், குவைத்தின் நூறு ஃபில்ஸ் காசில் அச்சடித்திருக்குமே, அந்தப் பாய்க்கப்பல். விமானத்தில் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய தூரத்துக்கு அது ஐப்பசியில் கிளம்பி வைகாசியில் வந்து சேர்ந்தது. காசின் மேல் காற்று அவ்வளவாக அடிக்காது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள்.

உடையப்பனுக்கு ஊர் அறந்தாங்கிப் பக்கம். பெரிய கட்டடங்களுக்கு ஏசி டக்ட், அதாவது காற்று போகிற தகரக் குழாய், மாட்டுகிற வேலை. கல்யாணம் முடிந்த மறு வருஷமே தோஹாவுக்கு வந்துவிட்டான். கட்ட ஆரம்பித்த வீடு ஜன்னல் மட்டத்தோடு நின்றுபோகவே, நாகவள்ளியும் பின்னாலேயே குவைத்துக்கு, ஃபஹாஹீலில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனாள். இரண்டு பேரும் ஒரே கடலின் கரையில்தான் இருந்தார்கள். ஆனால் இவனுக்கு லீவு கிடைக்கிறபோது அவளுக்குக் கிடைக்காது, அவளுக்குக் கிடைக்கிறபோது இவனுடைய சைட்டில் ஆள் பற்றாது. ஒரு தடவை அவள் திருச்சியில் விமானம் ஏறிய அதே வாரத்தில் இவன் போய் இறங்கினான். சீப்பில் அவள் முடி சிக்கியிருந்தது. கொல்லையில் அவள் நனைத்துக் காயப்போட்ட புடவை அப்படியே கிடந்தது. அந்த லீவு முடிகிறவரை அதை எடுக்க அவன் யாரையும் விடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் போனில் பேசிக்கொள்வார்கள். வருஷம் போகப் போக அவளுடைய குரல் அவனுக்கு நன்றாகப் பழகிப்போனது, முகம்தான் கலையத் தொடங்கியது. பர்ஸில் வைத்திருந்த போட்டோவைப் பார்த்துப் பார்த்து அது யாரோ ஒரு போட்டோப் பெண்ணின் முகமாக ஆகிவிட்டது. அவளுக்கு முப்பத்து நான்கு வயது ஆகியிருந்தது. ஊரிலிருந்து பேசுகிறவர்கள் குழந்தையைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். அவள் அதை இவனிடம் விவரமாகச் சொல்லமாட்டாள். "இன்னைக்கும் அந்தப் பேச்சு வந்துச்சு" என்பாள். இவன் "ம்" என்பான். போன் கார்டில் காசு ஓடிக்கொண்டிருக்கும்.

நாகவள்ளி வேலை செய்த வீட்டுப் பெரியவரை அவள் பாபா என்றுதான் சொல்லுவாள். அவருடைய தகப்பனார் கோழிக்கோட்டுக்குக் கப்பல் விட்டு மரம் ஏற்றி வந்தவர். பாபா கடலுக்குப் போகாமல் எண்ணெய்க் கம்பெனியில் உட்கார்ந்து ஓய்வு பெற்று, காசு சேர்த்தார். செலவழிக்கிற காசு இல்லை, பார்க்கிற காசு. தகப்பனார் கொண்டுவந்த பழைய வெள்ளி ரூபாய்கள், குவைத்தில் வருஷத்துக்கு வருஷம் அடித்த ஃபில்ஸ்கள் எல்லாம் தட்டுத்தட்டாக இருந்தன. சாயங்காலத்தில் ஜன்னலோரம் தட்டை எடுத்துவைத்து விளக்கைச் சாய்த்துப் பிடிப்பது நாகவள்ளியின் வேலைகளில் ஒன்று. பார்த்து முடித்ததும் பாபா லென்ஸை அவளிடம் கொடுத்து, நீயும் பார் என்பார். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு நூறு ஃபில்ஸ் காசில் இருந்த கப்பல் நகர்ந்திருப்பதை அவள் கண்டாள். அந்த வெள்ளிக்கிழமை போனில் முதல் பேச்சாக அதைத்தான் சொன்னாள்.

"என்னங்க, கப்பல் கெளம்பிருச்சு."

"எந்தக் கப்பல்?"

"காசுல இருக்குற கப்பல்தான். போன வாரம் நடுவுல நின்னுச்சு. இப்ப மூக்கு ஓரத்தத் தொடப்போவுது. பாபா பக்கத்துல இன்னொரு காச வச்சுப் பாத்துட்டு, ஆமாங்குறாரு. குவைத்துக் கப்பல் எங்க போனாலும் கத்தார்ல நின்னு தண்ணி புடிச்சுட்டுத்தான் போவுமாம்."

உடையப்பன் சிரித்தான். சிரித்துவிட்டு, தன்னிடமிருந்த சேதியைச் சொன்னான். அடுத்த வருஷக் கடைசியில் தோஹாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அதற்கான கட்டடங்கள் முடிகிறவரை யாருக்கும் லீவு கிடையாது என்று கேம்ப் வாசலில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.  பாபா வீட்டில் யாரோ பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு நாகவள்ளி, மார்க்கெட்டுக்குப் போய்வருகிறேன் என்பதுபோல், "அப்ப நான் வந்துர்றேன்" என்றாள். பாஸ்போர்ட் விசா கொடுத்த கஃபீலிடம் அல்லவா இருக்கிறது என்று அவன் கேட்டான். கப்பலுக்கு அதெல்லாம் வேண்டாம், படித்துறையில் இறங்குகிற மாதிரி காலை வைத்தால் போதும் என்று பாபா சொல்கிறார் என்றாள். கத்தார் அரை ரியால் காசில் இரண்டு பேரீச்ச மரத்தோடு ஒரு துறை இருக்கிறதாம், பாபாவிடம் அந்தக் காசும் இருக்கிறதாம், பார்த்துவைத்துவிட்டாளாம். "நீங்க ஒரு அரை ரியால எடுத்துத் தனியா வச்சுக்குங்க. செலவு பண்ணிராதீங்க. அதுலதான் எறங்குவேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. வீட்டுவேலைக்காரி ஓடிப்போய்விட்டாள் என்று பெரியவரின் மகன் போலீஸில் எழுதிக்கொடுத்துவிட்டதாக ஃபஹாஹீலில் இருந்த ஊர்க்காரர்கள் சொன்னார்கள். ஓடிப்போனவளின் புருஷன் என்று கேம்பில் அவன் காதுபடவே பேசினார்கள். உடையப்பன் டக்ட் தகரத்தை மடிக்கிறபோது கையைக் கிழித்துக்கொண்டான். யாரோடு போனாள் என்று அவன் மனமும் ஒரு முழு நாள் யோசித்தது. அந்த ஒரு நாளுக்காகப் பிற்பாடு அவன் வெட்கப்பட்டான். பிறகு ஒரு சாயங்காலம் குவைத்து நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. வயதான குரல், பாபாதான், கொஞ்சம் இந்தி, கொஞ்சம் அரபி. நாகவள்ளி கடலில் இருக்கிறாள், நானே பார்த்தேன், கப்பல் தட்டில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள், இன்று காலை கப்பல் காசின் ஓரத்தைத் தாண்டிவிட்டது, இனி என் கண்ணுக்குத் தெரியாது, நீ பார்த்துக்கொள் என்றார். கடைசியாக, "லென்ஸ். அச்சா லென்ஸ். தஸ். பீஸ் மாஃபி" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பத்து மடங்கு காட்டுவதை வாங்கு, இருபது வேண்டாம் என்று அர்த்தம்.

கேம்புக் கடையில் பிள்ளைகள் விளையாடுகிற பிளாஸ்டிக் லென்ஸ் ஒன்றுதான் இருந்தது. அதில் பார்த்தால், அவள் சொன்னபடி அவன் தனியாக எடுத்துவைத்திருந்த அரை ரியால் காசே தண்ணீருக்குள் கிடப்பதுபோல் வளைந்து தெரிந்தது. டூட்டி இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை கிடைக்க மார்கழி வரை ஆயிற்று. அன்றைக்கு பஸ் பிடித்து பழைய சூக்குக்கு, கடைத்தெருவுக்குப் போனான். பாதிக் கடைகளை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கீழக்கரைக்காரர் முகம்மது சித்தீக் அங்கே கடிகாரம் ரிப்பேர் செய்துகொண்டு லென்ஸும் தராசும் விற்றுவந்தார். சாயங்காலம் நாலு மணிக்குக் கடை திறக்கிறவரை உடையப்பன் ஷட்டர் முன்னால் குந்தியிருந்தான்.

"என்னத்தப் பாக்கணும் தம்பி? கல்லா, காசா?"

"காசு, பாய்."

"காசுல என்ன? வருஷமா, தேய்மானமா?"

"ஆளு."

சித்தீக் அவன் முகத்தைக் கொஞ்சம் பார்த்தார். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் மேஜையில் கறுப்புத் துணியை விரித்தார். முதலில் கைப்பிடி வைத்த பெரிய கண்ணாடியைக் கொடுத்தார். முழுக் காசும் தெரிந்தது, எழுத்து தெரிந்தது, படகு படகாகவே இருந்தது. இது வயசானவங்க பேப்பர் படிக்கிறதுக்கு என்று வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்தது பட்டனை அமுக்கினால் லைட் எரிகிற மடக்கு லென்ஸ். அதில் பார்த்தபோது மரத்தைச் சுற்றி நீலமும் சிவப்புமாக ஒரு கரை தெரிந்தது. "இது வானவில்ல காட்டும், ஆளக் காட்டாது. லைட்டும் நேரா மேல அடிச்சா எல்லாம் தட்டையாப் போயிரும். வெளிச்சம் பக்கத்துலருந்து சாஞ்சு விழணும், அப்பதான் மேடு பள்ளம் தெரியும்" என்றார். மூன்றாவதாக, எஃகு உறையிலிருந்து சுழன்று வெளியே வருகிற ஒரு சின்ன லென்ஸ். மூன்று கண்ணாடிகளை ஒன்றாக ஒட்டிச் செய்தது, உள்வளையத்தில் வெளிச்சம் பளிச்சிடாமல் கறுப்பு பூசியது, பத்து மடங்கு. உடையப்பன் அதைக் காசின் மேல் வைத்துவிட்டு எட்டி நின்று குனிந்து பார்த்தான். சித்தீக் அவன் கையைப் பிடித்துத் திருத்தினார். "லென்ஸக் கண்ணுக்குக் கொண்டுபோங்க, இமை தட்டுற அளவுக்கு. அப்புறம் காசத் தூக்கிக் கிட்ட கொண்டு வாங்க. முழங்கை ரெண்டும் மேசையில ஊனியிருக்கணும். மத்தக் கண்ண மூடாதீங்க, வலிக்கும்."

உடையப்பன் அப்படியே பார்த்தான். பேரீச்ச மரங்களின் அடித்தண்டில் செதில் செதிலாக வெட்டுவாய் தெரிந்தது. துறையில் நிற்கிற படகின் கயிறு தெரிந்தது. தண்ணீருக்குப் போட்டிருந்த கோடுகளில் ஒன்றின் விளிம்பில் நுரைபோல் ஏதோ இருந்தது. ஆள் யாரும் இல்லை. கரை சுத்தமாக, காலியாக, யாருக்காகவோ கூட்டி வைத்ததுபோல் கிடந்தது. அவன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இதைவிடப் பெரிதாகக் காட்டுகிறது இருக்கிறதா என்று கேட்டான். சித்தீக் பாசிமணி அளவில் இன்னொன்றை எடுத்துத் தந்தார், இருபது மடங்கு. அதில் ஒரு மரத்தின் அடி மட்டும், அதுவும் இருட்டில், தெரிந்தது. "இதுக்கு ரொம்பக் கிட்டப் போவணும் தம்பி. போனா உங்க தலையே வெளிச்சத்த மறைச்சுப்புடும். பாக்குற எடமும் சுருங்கிப் போவும்." உடையப்பன் பாபா சொன்னதை நினைத்துக்கொண்டு பத்தையே வாங்கிக்கொண்டு வந்தான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க டூட்டி முடிந்து வந்ததும் கை கழுவிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து காலிக் கரையைப் பார்ப்பான். மாசிக் கடைசியில் காசின் ஓரத்தில், அலைக்கோட்டுக்கு மேலே, முள் முனை போல் ஒரு பாய்மரம் தெரிந்தது. அன்றைக்கு அவன் ரூமில் எல்லோருக்கும் கோழிக்கறி வாங்கிவந்தான். அதற்கு இரண்டு நாள் கழித்து, ரூமுக்குப் புதிதாக வந்திருந்த அன்பரசன், பட்டுக்கோட்டைப் பையன், ஆணியில் தொங்கிய உடையப்பனின் சட்டைப் பையில் கிடந்த அரை ரியாலை எடுத்துக்கொண்டு போய் டீ குடித்துவிட்டான்.

உடையப்பன் சத்தம் போடவில்லை. எந்தக் கடை என்று மட்டும் கேட்டான். லென்ஸை எடுத்துக்கொண்டு செருப்பில்லாமல் நடந்தான். அன்பரசன் அழாக்குறையாகப் பின்னால் ஓடினான். கஃபட்டீரியா வைத்திருந்த மலையாளி விஷயத்தைக் கேட்டுவிட்டு, கல்லாப்பெட்டியை அப்படியே மேஜையில் கவிழ்த்தார். மொத்தமும் அரை ரியாலும் கால் ரியாலும். எல்லா அரை ரியாலிலும் அதே படகு, அதே இரண்டு மரம். உடையப்பன் முழங்கைகளை ஊன்றிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தூக்கினான். கடையில் நின்ற பட்டாணியர் லாரி டிரைவர்கள் என்ன தேடுகிறார் என்று கேட்டார்கள். "பீவி" என்றான் அன்பரசன். மனைவி என்றதும் அவர்கள் வெளிச்சத்தை மறைக்காமல் விலகி நின்றுகொண்டார்கள். அன்று டீக்கு மீதி வாங்கியவர்கள் தங்கள் பைகளைத் துழாவி அரை ரியால்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்கள். அதில் ஒரு டிரைவர் வைத்த காசில்தான் அது இருந்தது. ஓரத்தில் இரண்டாவதாக ஒரு கப்பல், பாதிக்கு மேல் உள்ளே வந்துவிட்டிருந்தது. முன்தளத்தில் ஒரு பெண் நின்றாள். முந்தானையை வெயிலுக்குத் தலையில் போட்டு, இடது கையை இடுப்பில் வைத்து, ஒரு காலில் பாரத்தை இறக்கி நின்றாள். முகம் மறந்தவனுக்கு அந்த நிற்கிற விதம் மறக்கவில்லை. குழாயடியில் அவள் அப்படித்தான் நிற்பாள். உடையப்பன் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமலேயே அழுதான். கண்ணாடி நனைந்து கப்பல் மறைந்தது. மலையாளி அன்று அவனிடம் டீக்குக் காசு வாங்கவில்லை.

வைகாசியில் அவள் இறங்கினாள். இறங்கியதும் கரையில் நின்று மேலே பார்த்தாள். அவளுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று உடையப்பனுக்கு அப்போது தெரியாது. அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். கேட்கவில்லை. அவள் மரத்தடியைப் பெருக்கினாள், மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினாள், கப்பலில் கொண்டுவந்த அரிசியை உலையில் போட்டாள். கேம்புக்காரர்கள் வரிசையில் நின்று பார்த்துவிட்டு, இனி அவளைப் பற்றித் தப்பாகப் பேசுவதில்லை என்று ஆனார்கள். சில வாரங்களுக்குப் பின் உடையப்பனுக்கு அது போதவில்லை. பத்தில் ஆள் தெரிந்தாள், வேலை செய்வது தெரிந்தது, முகம் மட்டும் ஒரு கடுகளவு. இத்தனை வருஷம் அதற்காகத்தானே காத்திருந்தான். மறுபடி சூக்குக்குப் போய் சித்தீக்கிடம் இருபதைக் கேட்டான். அவர் தடுத்துப் பார்த்தார். "வேணாம் தம்பி, மத்தது ஒண்ணும் தெரியாமப் போவும்." "எனக்கு மத்தது எதுக்கு பாய்?" என்றான் உடையப்பன். அவர் கொடுத்துவிட்டார்.

இருபதில் முகம் தெரிந்தது. கன்னம் கொஞ்சம் ஒடுங்கியிருந்தது. காதோரத்தில் நரை வந்திருந்தது, அதைப் போனில் அவள் சொன்னதே இல்லை. அவள் வாயை அசைப்பாள், என்ன பேசுகிறாள் என்று புரியாது. அந்தக் கோடை முழுவதும், சைட்டில் வெயிலுக்கு ஆட்கள் விழுந்துகொண்டிருந்த ஜூலையிலும் ஆகஸ்டிலும், அவன் ரூமுக்கு வந்து அந்த முகத்தை மட்டுமே பார்த்தான். பத்து மடங்கு லென்ஸ் அலமாரியில் கிடந்தது. அன்பரசன் எப்போதாவது கேட்டு வாங்கி, அண்ணி சௌக்கியமா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வைத்துவிடுவான். டிசம்பரில் போட்டி நடந்து முடிந்தது. வாணவேடிக்கை கேம்ப் மொட்டைமாடியிலிருந்தும் தெரிந்தது. லீவு கொடுத்தார்கள். திருச்சிக்கு டிக்கெட் வந்தது. காசைப் பஞ்சில் சுற்றி ஊருக்குக் கொண்டுபோய்விடுவது, அங்கே கோயிலிலோ டாக்டரிடமோ கேட்டு அவளை வெளியே எடுக்க ஒரு வழி பார்ப்பது என்று உடையப்பன் முடிவுசெய்திருந்தான். பெட்டி கட்டியாகிவிட்டது. புறப்படுகிற அன்று மத்தியானம் அன்பரசன் பத்து லென்ஸில் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டான்.

"அண்ணே, அண்ணி எதுக்குண்ணே ரெண்டு தட்டு வைக்கிறாங்க?"

உடையப்பன் புரியாமல் பார்த்தான். லென்ஸை வாங்கிக் கண்ணில் வைத்தான். மரத்தடியில் நாகவள்ளி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் ஒரு தட்டு. எதிர்ப்பக்கம், ஆள் உட்கார இடம் விட்டு, இன்னொரு தட்டு. அதிலும் சோறு போட்டிருந்தது, குழம்பு ஊற்றியிருந்தது. அவள் தன் தட்டில் கை வைக்காமல் இருந்தாள்.

"என்னைக்குலருந்துடா?"

"வந்த அன்னைக்குலருந்தே வைக்கிறாங்கண்ணே. ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

உடையப்பன் காசை மேஜையில் வைத்தான். குளித்தான். ஊருக்குப் போட்டுப்போக வாங்கியிருந்த புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டான். பெட்டியிலிருந்த போர்வையும் சென்ட்டும் பால்பவுடரும் ஊரில் யார் யாருக்கு என்று அன்பரசனிடம் சொன்னான். கம்பெனி பஸ் வாசலில் ஹாரன் அடித்தது. காசுக்கு முன்னால் நின்று, குளத்துப் படியில் இறங்குகிறவன் முதல் படி எங்கே என்று காலால் துழாவுவதுபோல், வலது காலை எடுத்து வைத்தான். மணல் சில்லென்று உலோகமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. நாகவள்ளி தலையை நிமிர்த்தி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்களும் நரைச்சுட்டீங்க" என்றாள். "கையக் கழுவிட்டு உக்காருங்க. ஆறிப்போச்சு, குழம்ப மட்டும் சூடு பண்றேன்."

அவளுக்கு இவ்வளவு நாளும் மேலே என்ன தெரிந்தது என்பதை அன்று சாயங்காலமே உடையப்பன் பார்த்தான். ஆறு மணிவாக்கில் வானத்தில் வட்டமாக ஒரு வெளிச்சம் திறந்து, அதற்குள் ஒரு கண் வந்து நின்றது. அன்பரசனின் கண். கொஞ்ச நாளில் அது நிலா வருவதுபோல் ஆகிவிட்டது. தம்பி டூட்டி முடிச்சு வந்துட்டாப்ல என்று சொல்லிவிட்டு நாகவள்ளி உலை வைப்பாள். கம்பெனி உடையப்பனை ஓடிப்போனவன் என்று எழுதிக்கொண்டது. ஊரில் வீடு ஜன்னல் மட்டத்தோடு நின்றது. தண்ணீர் பிடிக்க வருகிற கப்பல்கள் வந்து போயின. சில நாள் வேறு ஊர்க் காசுகளிலிருந்தும் வரும், அவற்றிலிருந்து வெங்காயமும் புளியும் கிடைக்கும். 2008ஆம் ஆண்டு தை மாதம் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அன்று அன்பரசன் இருபதை எடுத்துக்கொண்டு மிக அருகில் வந்துவிட்டான். கண் வானம் முழுக்க நிறைந்து, இமைமுடி ஒவ்வொன்றும் பனைமரம் போல் தெரிந்தது. நாகவள்ளி குழந்தையைத் துணியோடு இரண்டு கையிலும் தூக்கி அவனுக்குக் காட்டினாள். அவன் மூச்சுக்காற்று பட்டு கரை முழுவதும் பனி இறங்கி, மரங்கள் மறைந்து, எல்லோரும் நனைந்தார்கள். "தம்பி, தள்ளி நில்லுங்க, புள்ளைக்குச் சளி புடிச்சுக்கும்" என்று அவள் கத்தினாள். அவனுக்குக் கேட்காது என்று தெரிந்தும் உடையப்பனும் எழுந்து நின்று, தள்ளிப் போ என்று கையைக் காட்டினான். பனி விலகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு உடையப்பன் போய்த் துவாலையை எடுத்துவந்து குழந்தையின் தலையைத் துவட்டினான்.